எலக்ட்ரானிக் ஆர்கனும் ப்ளாப்பி டிஸ்கும்: வேலூர்ப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலக்ட்ரானிக் ஆர்கன் பழுதானால் சரிசெய்ய எப்படியாவது ஓர் ஆள் கிடைத்துவிடுவார். பவர் சப்ளை போர்டு, ஸ்பீக்கர், பட்டன், கட்டைகளுக்கு அடியில் இருக்கிற ரப்பர் கான்டாக்ட் வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்த டோன், ரெஜிஸ்ட்ரேஷன் (டோன், தாள அமைப்பை ஒரே பட்டனில் சேர்த்து வைப்பது), ஒவ்வொரு கீர்த்தனைக்கும் பார்த்துப் பார்த்து அமைத்த தாளம் எல்லாம் இருக்கிற ப்ளாப்பி டிஸ்க் போனால் போனதுதான். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துச் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆர்கனுக்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருப்பார்கள்; டிஸ்க் எல்லாம் அந்த உறைக்கு மேலேயே, ஜன்னல் வெயிலில் கிடக்கும். அதனால் டிஸ்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பழைய ஆர்கன்களிலும் பெரிய கீபோர்டுகளிலும் இருப்பது பெரும்பாலும் மூன்றரை அங்குல டிஸ்க். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் காந்தப் பூச்சு பூசிய மெல்லிய வட்டத் தகடு; அதை மூடி ஒரு உலோகக் கதவு. சோனி கம்பெனி 2011 மார்ச்சோடு இதன் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று ‘புதுசு’ என்று வாங்குவதும் பழைய சரக்குதான். இருக்கிறதைக் காப்பாற்றுவதைவிட்டால் வேறு வழி கிடையாது.

முதல் தவறு, காப்பி எடுக்காமல் ஒரே டிஸ்கை வைத்து ஞாயிறுதோறும் ஓட்டுவது. இரண்டாவது தவறு, காப்பி எடுக்கப் போய் அதையே அழிப்பது. நான் பார்த்தவரையில் டிஸ்க் போனதற்கு இதுதான் பெரிய காரணம். வாலிபர் சங்கத்துப் பையன் யூஎஸ்பி ப்ளாப்பி ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப்பில் செருகுவான். டிஸ்கைப் போட்டதும் கம்ப்யூட்டர், “இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, ஃபார்மேட் செய்யலாமா?” என்று கேட்கும். அவனும் நல்ல மனசோடு சரி என்று தட்டிவிடுவான். அவ்வளவுதான், கதை முடிந்தது. எல்லா இசைக்கருவியும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற முறையிலேயே எழுதுவதில்லை. சில கருவிகளுக்குச் சொந்த முறை உண்டு. கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதால் டிஸ்க் காலி என்று அர்த்தமில்லை. அந்தக் கேள்விக்கு எப்போதும் ‘வேண்டாம்’தான் பதில்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டிஸ்கின் பின்பக்க மூலையில் சின்னதாகத் தள்ளுகிற கட்டை ஒன்று இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரிகிற மாதிரி வைத்தால் டிஸ்கில் யாரும் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. ஓட்டை மூடியிருந்தால் எழுதலாம். பூட்டு திறந்திருப்பதுபோலத் தெரிவதால் நிறையப் பேர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் போடும்போது ஓட்டை திறந்தே இருக்கட்டும். பழைய விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்கள் வெறுமனே டிஸ்கைப் பார்க்கும்போதே அதன் முதல் பகுதியில் தன் குறிப்பை எழுதிவிடும் பழக்கம் உள்ளவை. சபை அலுவலகத்து மூலையில் அப்படி ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால் இரட்டை கவனம் வேண்டும்.

காப்பிக்காக வாங்குகிற டிஸ்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 720 கேபி கொள்ளளவுள்ள டிடி வகை ஒன்று, 1.44 எம்பி கொள்ளளவுள்ள எச்டி வகை ஒன்று. எச்டியில் எதிர் மூலையிலும் ஓர் ஓட்டை இருக்கும். பழைய ஆர்கன் பலவற்றுக்கு டிடி மட்டும்தான் ஒத்துவரும். டிடி கிடைக்கவில்லை என்று எச்டியின் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி ஏமாற்றுகிற கைவைத்தியம் ஊரெங்கும் இருக்கிறது. இரண்டின் காந்தப் பூச்சும் வேறு வேறு. இன்றைக்கு எழுதும், நாளைக்குப் படிக்கும், கிறிஸ்துமஸ் ஆராதனையன்று பார்த்துக் கைவிரிக்கும். அவசரத்துக்குச் செய்துகொள்ளுங்கள், அதை நம்பி மூல டிஸ்கைத் தூக்கிப் போடாதீர்கள்.

ட்ரைவில் விளக்கு எரியும்போது டிஸ்கை எடுக்கக்கூடாது. எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாடல் முடிந்ததும் அடுத்த டிஸ்கைப் போடுகிற அவசரத்தில், “அண்ணா, எடுத்துட்டேன், ஆனா லைட் எரிஞ்சிக்கிட்டே இருக்கு” என்று பையன் திருதிருவென விழிப்பதும் நடக்கத்தான் செய்கிறது. சேமிக்கும் நடுவில் கரண்ட் போனாலும் இதே கதிதான். எனவே வழிபாட்டு நேரத்தில் எதையும் டிஸ்கில் சேமிக்க வேண்டாம். வீட்டில் வைத்துச் சேமிக்கும்போது ஆர்கனை யூபிஎஸ்ஸில் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சமன் செய்யும். கரண்ட் போனால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

வெயிலும் பூஞ்சையும்

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. அந்த மலைகள் கத்திரி வெயிலில் காய்ந்து ராத்திரி வரை அனல் வீசுவதை இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் பூட்டிய காருக்குள், டேஷ்போர்டின் மேல் டிஸ்கை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குள் போனால் திரும்பி வரும்போது கூடு நெளிந்திருக்கும். நெளிந்த டிஸ்க் உள்ளே போகும், வெளியே வராது. இழுத்தால் உலோகக் கதவு பிய்ந்து ட்ரைவுக்குள்ளேயே தங்கும், டிஸ்கைப் படிக்கிற முனையான ஹெட்டும் போகும். இன்னொன்று, சூட்டில் லேபிளின் பசை இளகும். ஒரு லேபிள் மேல் இன்னொரு லேபிள் ஒட்டிய டிஸ்க் உள்ளே போய், லேபிள் மட்டும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பழையதை முழுசாக உரித்துவிட்டுப் புதுசை ஒட்டுங்கள்.

அடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழை. நம் ஊரில் வெயிலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். டிஸ்கை அதிகம் தின்பது ஈரம். மழைக்காலம் முடிந்து எடுக்கிற டிஸ்கை அப்படியே ட்ரைவில் செருகாதீர்கள். உலோகக் கதவை விரலால் மெதுவாக ஒதுக்கி, ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். உள்ளே தெரியும் தகடு ஒரே சீராகக் கறுப்பாகவோ பழுப்பாகவோ பளபளக்க வேண்டும். பின்பக்க நடுவில் இருக்கும் உலோக வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி முழு வட்டத்தையும் பார்க்கலாம். வெள்ளைப் புள்ளி, மாவு தூவியது போன்ற திட்டு, வட்டமாக ஒரு கீறல், இதில் எது தெரிந்தாலும் அந்த டிஸ்க் ட்ரைவுக்குள் போகக்கூடாது. தகட்டை விரலால் தொடவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ட்ரைவின் ஹெட் தகட்டைத் தொட்டுக்கொண்டேதான் படிக்கிறது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டும். அடுத்துப் போடுகிற நல்ல டிஸ்கை அதே ஹெட் சுரண்டும். “இது படிக்கலையே, அதைப் போட்டுப் பார், அதுவும் படிக்கலையே, இன்னொன்றைப் போடு” என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து ஒரு பெட்டி டிஸ்கையும் ஒரே மாலையில் முடித்தவர்கள் உண்டு. ஒன்று படிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். க்ளீனிங் டிஸ்கில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, சில நொடி மட்டும் ஓட்டி, ஹெட் காய்ந்த பிறகு முக்கியமில்லாத டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். க்ளீனிங் டிஸ்கை உலர்வாக ஓட்டினால் அது உப்புத்தாள்.

காந்தத்தைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள், ஆனால் காந்தம் எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஆர்கன் பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற பாக்ஸின் மேல்தட்டு டிஸ்க் வைக்க வசதியாகத் தோன்றும், அங்கேயும் காந்தம்தான். மூடி ‘டப்’ என்று ஒட்டிக்கொள்ளும் போன் உறை, கைப்பை, கதவில் காந்தப் பிடி வைத்த மர அலமாரி எல்லாமே பட்டியலில் சேரும். விமான நிலைய எக்ஸ்-ரேவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது டிஸ்கை ஒன்றும் செய்யாது.

ட்ரைவே போய்விட்டால், அந்த இடத்தில் பென் ட்ரைவை ப்ளாப்பி போலவே ஆர்கனுக்குக் காட்டுகிற ப்ளாப்பி எமுலேட்டரைப் பொருத்தலாம். கோடெக் (Gotek) என்ற பெயரில் விற்பது பிரபலம். ஆனால் 720 கேபி ஆர்கனுக்கு 1.44 எம்பிக்கு மட்டுமான மாடலை வாங்கிவந்து முழிப்பவர்கள் அதிகம். கேபிளின் பின் எண்ணிக்கையையும் முதலில் பார்க்க வேண்டும். கழற்றிய ட்ரைவைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சில பழைய ட்ரைவ்களில் பெல்ட் இற்றுப் போனதுதான் கோளாறே. அதை மாற்றினால் ஓடும்.

கரண்ட் பக்கம்

ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே அமெரிக்கச் சபைகளோடு தொடர்புள்ள பகுதி இது. வெளிநாட்டு நண்பர்கள், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் அன்பாக ஆர்கன் அனுப்புவதுண்டு. வந்த அன்றே பிளக் மாட்டி நம் 230 வோல்ட்டில் போடுவது கண்மூடித்தனம். அமெரிக்க ஆர்கன் 120 வோல்ட், ஜப்பானுக்குள் விற்றது 100 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் இல்லை என்றால் அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் போட்டிருக்கிற வாட்ஸைவிட ஒன்றரை மடங்காவது தாங்கட்டும். 100 வோல்ட் கருவிக்கு 120 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை ‘கிட்டத்தட்ட சரிதானே’ என்று மாட்டுவதும் தவறுதான்.

இங்கே ஒரு வேடிக்கை. 1935-ல் வந்த ஹாமண்ட் ஆர்கனின், சுழலும் சக்கரங்களால் ஒலி எழுப்புகிற பழைய மாடல்களில் சுருதியைத் தீர்மானிப்பது மோட்டாரின் வேகம். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எல்லாப் பாட்டும், கறுப்புக் கட்டையையும் சேர்த்து எண்ணினால், சுமார் மூன்று கட்டை கீழே இறங்கிவிடும். முழு எலக்ட்ரானிக் ஆர்கனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடாப்டரில் ஓடும் கீபோர்டுகளில் பின் உள்ளே போவதாலேயே பொருத்தம் என்று நினைக்கக்கூடாது. காசியோவின் பழைய 9 வோல்ட் அடாப்டர்களில் நடுமுனை மைனஸ். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டர்களில் நடுமுனை ப்ளஸ். அடாப்டரின் மேலேயே சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள்.

இரைச்சல் வருகிறது என்று மூன்று முனை பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்றால் ஷாக் அடிப்பது, வெறுங்காலில் பெடல் மிதிக்கிற வாசிப்பவரை. மிக்ஸருக்கும் ஆர்கனுக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் (இரண்டின் எர்த்தையும் பிரித்துவைக்கிற சின்னப் பெட்டி) போட்டால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். ஜெனரேட்டருக்கு மாற்றும் முன் ஆர்கனை அணைத்துவிடுங்கள். சாதா ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். இடி இடித்தால் பிளக்கோடு மிக்ஸர் கேபிளையும் கழற்றுங்கள்.

துடைப்பது, அலங்கரிப்பது, தூக்குவது

துடைக்க மெல்லிய துணியே போதும். அழுக்கு பிடித்திருந்தால் நனைத்து இறுகப் பிழிந்த துணி. தின்னர், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே எதுவும் கட்டைகள் பக்கம் வரக்கூடாது. எலி, பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடுவதையும் விட்டுவிடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். எலிக்கு, கேபிள் வரும் ஓட்டையைக் கம்பி வலையால் அடைப்பதுதான் மருந்து. டிஸ்க் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

பண்டிகைக்கு ஆர்கன் மேல் பூ ஜாடி, மெழுகுவர்த்தி வைத்து அலங்கரிப்பவர்களிடம் நயமாகச் சொல்லிப் பாருங்கள், இல்லையென்றால் ஆயரைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்குச் சின்ன யானை வண்டியில் ஏற்றும்போது ட்ரைவுக்குள் டிஸ்க் இருக்கக்கூடாது, கட்டைப் பக்கம் கீழ்நோக்கி இருக்கக்கூடாது, கயிறு பட்டன்களின் மேல் போகக்கூடாது. டிஸ்க் பெட்டி வண்டியின் பின்னால் வேண்டாம், ஒருவர் மடியில் போகட்டும்.

வாசிக்காமல் மூடிவைத்த ஆர்கனை மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓடவிடுங்கள். கபாசிட்டர்களுக்கு அது நல்லது. கீபோர்டில் டார்ச் பேட்டரி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் கான்டாக்ட் எல்லாம் பச்சை பிடிக்கும். உள்ளே நினைவகத்துக்கென்று ஒரு காசு பேட்டரி இருக்கிற மாடல் என்றால், அதை மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் டிஸ்கில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று மெக்கானிக் பாதி நேரம் சொல்வதில்லை.