கல்யாண நாளும் முகப்பருவும்: மூன்று மாதக் கணக்கு

மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் வாரத்திலேயே முகப்பருவுக்கான சிகிச்சையையும் தொடங்கிவிடுங்கள் என்று, கல்யாணம் நிச்சயமான ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். இன்று கண்ணாடியில் தெரிகிற பரு இன்று உண்டானதாக இருப்பதில்லை. மயிர்க்காலின் வாய், உதிர வேண்டிய தோல் செல்களாலும் எண்ணெய்ப் பசையாலும் அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாத சிறு அடைப்பாகப் பல வாரங்கள் உள்ளேயே இருந்து, அதில் கிருமி பெருகி அழற்சி உண்டான பிறகே சிவந்த பருவாக வெளியே வருகிறது. மருந்து வேலை செய்வது பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அடைப்பின்மீதுதான் என்பதால், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். தை மாத முகூர்த்தமென்றால் ஐப்பசியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பத்தே நாளில் முகம் தெளிந்துவிடும் என்று ஒரு கிரீமைப் பற்றி யாராவது உறுதி சொன்னால், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

விடலைப் பருவத்தோடு போக வேண்டியது 25 வயதுக்குப் பிறகும் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பெண்களுக்கு இது பெரும்பாலும் தாடை ஓரத்திலும் மோவாயிலும், தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகளாக வரும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் கூடும். அத்துடன் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போவது, மோவாயில் முரட்டு முடி முளைப்பது, உச்சந்தலையில் முடி மெலிவது ஆகியவையும் இருந்தால், பி.சி.ஓ.எஸ். (சினைப்பையோடு தொடர்புடைய ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும். இருந்தால், மேலே பூசும் மருந்து மட்டும் போதாமல் ஹார்மோனைச் சீராக்கும் மாத்திரைகளும் தேவைப்படலாம். அவையும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நேரம் எடுப்பவை. ஆண்களைப் பொறுத்தவரை, ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கும் வே புரோட்டீனையும், சிலர் வெளியே சொல்லாமல் போட்டுக்கொள்ளும் தசை வளர்ப்பு ஊசியையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. முகத்தைச் சரியாகக் கழுவாததால்தான் பரு வருகிறது என்று வீட்டில் சொல்வது தவறு. காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவினால் போதும். அழுத்தித் தேய்ப்பதும் ஸ்கிரப் போடுவதும் அழற்சியைக் கூட்டும்.

நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் பொரிப்பொரியாக வந்து அரிக்கிறதென்றால், அது பருவாக இல்லாமல், மலசீசியா என்னும் பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். வியர்வை வடியும் நம் ஊர்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. பருவுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையால் இது அதிகமாகும். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்தால் அடங்கும். மூன்று மாதத்தில் முதல் மாதம் தவறான மருந்தில் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், தொடக்கத்திலேயே தோல் மருத்துவர் ஒருவர் முகத்தை நேரில் பார்ப்பது அவசியம்.

அவர் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லாக இருக்கும். மயிர்க்கால் அடைபடாமல் தடுக்கும் அடிப்படை மருந்து அது. இதைப் பருவின் மேல் மட்டும் புள்ளி வைத்துவிட்டுப் பலனில்லை என்று விட்டவர்கள் பலர். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதும் காயும் வரை பொறுத்திருந்து, ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, நெற்றி, இரு கன்னம், மோவாய் என்று புள்ளிகளாக வைத்து, கண், மூக்கோரம், உதட்டோரம் தவிர முகம் முழுதும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பட்டாணிக்கு மேல் எடுத்தால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசி, தோல் பழகிய பிறகு தினமும் பூசலாம். தோல் உரிந்தால் மேலே மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளலாம். எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பவர்களே மூன்றாம் வாரத்தில் எரிச்சல் தாங்காமல் மருந்தை நிறுத்துகிறார்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் பரு சற்றுக் கூடுதலாகத் தெரியக்கூடும், அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருக்கும்போது இதைத் தொடங்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

அடாபலீனுடன் காலையில் பென்சாயில் பெராக்சைடும் சேர்த்துத் தரப்படலாம். 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் எரிச்சலைத் தருமே தவிர, அதற்கேற்ற கூடுதல் பலனைத் தராது. கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசிக்கொண்டே போனால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதால், பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்தே பயன்படுத்தச் சொல்கிறார்கள். துணியின் சாயத்தை இது வெளுத்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். என் தங்கையின் மயில்நீலத் துண்டில் அவள் முகம் துடைத்த இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டுகள் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இது தெரிந்தது. வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டு ரவிக்கை அளவு பார்க்கும் நாளில் இதைப் பூசாதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் நல்ல மருந்துதான். ஆனால் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனத்தை உண்டாக்கக்கூடியது என்பதால், பெண்கள் அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு இது வெறும் எச்சரிக்கை வாசகமாக நின்றுவிடக் கூடாது. மருத்துவரிடம் கல்யாணத் தேதியைச் சொல்லி, மாத்திரை எப்போது முடிய வேண்டும் என்று கணக்குப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். பருவுக்குத் தரப்படும் மற்ற மாத்திரைகளான டாக்சிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), ஸ்பைரோனோலாக்டோன் (ஹார்மோன் தொடர்பானது) ஆகியவற்றையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பார்கள். அடாபலீனையும் நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பயன்படுத்தத் தகுந்தது அசெலாயிக் அமிலம். பரு விட்டுச்செல்லும் கருமையையும் அது குறைக்கும்.

இனி, பத்து நாளில் தெளிய வைக்கும் அந்தக் கிரீமுக்கு வருகிறேன். என் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது, தெருமுனை மருந்துக்கடையில் பரு என்று சொன்னதும் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சிறிய டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். நான்காம் நாளே சிவப்பு அடங்கிவிட்டது, இரண்டாம் வாரத்தில் நிறமும் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கல்யாணக் களை வந்துவிட்டது என்றார்கள். நிச்சயம் முடிந்து டியூபும் தீர்ந்த ஒரே வாரத்தில், முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு பரு திரும்பி வந்தது. சோறு வடிக்கும்போது எழும் ஆவி பட்டாலே கன்னம் எரிந்தது. தோல் மருத்துவர் டியூபை வாங்கிப் பார்த்து, மொமெட்டசோன் என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினார். அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் ஆகியவற்றோடு அதைச் சேர்த்துச் செய்த கிரீம், மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் மங்குவுக்குப் பயன்படுத்த வேண்டியது. பருவுக்கோ நிறம் வெளுக்கவோ உரியது அல்ல. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் ஆகிய பெயர்களும் அதே இனம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூல் இழைகளாக வெளியே தெரியும், முகத்தில் முடி வளரும், வெயில் தாங்காது. 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் கிரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்துவிட்டது. அப்படியிருந்தும் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. டியூபின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே பல வாரம் பூசியிருந்தால் நீங்களே திடீரென்று நிறுத்தாமல், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எனக்கு முகம் பழைய நிலைக்குத் திரும்ப ஏழு மாதம் ஆனது. கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது.

நம் நிறத்துத் தோலில் பருவைவிடப் பரு விட்டுப்போகும் கருமைதான் நெடுநாள் நிற்கும். ஒரு பரு ஒரு வாரத்தில் அடங்கினாலும், அதன் தடம் மாதக்கணக்கில் இருக்கும். கிள்ளினால் இன்னும் ஆழமாகப் பதியும். வெயில் அதை மேலும் கறுக்க வைக்கும். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு மாதமும் பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைய வேண்டியிருப்பது, சிகிச்சை நடக்கும் அதே காலம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால், தடங்கள் உள்ளவர்களுக்கு அதுவே மேல். உணவைப் பொறுத்தவரை, இனிப்பையும் மைதாவையும் குறைப்பது சிலருக்கு உதவுகிறது. எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் பழி சொல்ல ஆதாரம் போதாது.

அழகு நிலையத்து வேலைகளுக்கும் நாள் குறிக்க வேண்டும். கெமிக்கல் பீல் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) செய்வதாக இருந்தால் கடைசி முறை கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். சீழ் கோத்த பரு இருக்கும்போது மசாஜும் ஆவியும் சேர்ந்த ஃபேஷியல் வேண்டவே வேண்டாம். கரும்புள்ளி எடுக்கிறேன் என்று கம்பியால் அழுத்துவது தடங்களைத்தான் தரும். அடாபலீன் பூசும் முகத்தில் வாக்ஸிங் செய்தால் மேல்தோல் சேர்ந்து உரிந்து வரக்கூடும்; ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தியிருக்க வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள், முடித்து ஆறு மாதம் வரை வாக்ஸிங் பக்கமே போகக் கூடாது. கல்யாணத்தன்று போடப்போகும் மேக்கப்பை ஒரு மாதம் முன்பே ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பரு எழும்புகிறதா என்று கவனியுங்கள். பிரஷ்ஷைக் கழுவி வைத்திருக்கிறாரா என்று ஒப்பனைக் கலைஞரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. இந்த நாட்களில்தான் உறவினர்கள் ஆளுக்கொரு கைவைத்தியத்தோடு வருவார்கள். எலுமிச்சைச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துவிடக்கூடும். பற்பசை தோலைப் புண்ணாக்கும். நலங்குக்குப் பூசும் மஞ்சளும் சந்தனமும் மரபு சார்ந்தவை, அவற்றைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கைகளிலும் கால்களிலும் தாராளமாகவும், கன்னத்தில் பெயருக்கு ஒரு தொடுகையாகவும் பூசச் சொல்லி, அத்தை சித்திகளிடம் முன்பே பக்குவமாகச் சொல்லிவைத்துவிட்டு, சடங்கு முடிந்ததும் தேய்க்காமல் தண்ணீரால் கழுவிக்கொள்ளலாம். தலைக்கு வைக்கும் எண்ணெய் இரவில் நெற்றிக்கு இறங்கி மயிர்க்காலை அடைக்கும் என்பதால், எண்ணெய்க் குளியலைப் பகலிலேயே முடித்து அலசிவிடுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் நான்கைந்து நாள் இருக்கும்போது மோவாயில் ஒரு கட்டி திரளக்கூடும். அதை ஒருபோதும் பிதுக்காதீர்கள்; ஆழத்தில் இருக்கும் கட்டி வெளியே வராமல், உள்ளுக்குள் உடைந்து இரட்டிப்பாகும். தோல் மருத்துவர் அந்தக் கட்டிக்குள் மிகக் குறைந்த அளவு ட்ரையாம்சினோலோன் ஊசி போட்டால், இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். இதுவும் ஸ்டீராய்டுதான் என்றாலும், கட்டிக்குள் ஒரே ஒரு முறை செலுத்துவதும் முகம் முழுதும் தினமும் பூசுவதும் ஒன்றல்ல. அளவு கூடினால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து பல மாதம் நிற்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ள தோல் மருத்துவரைத் தவிர வேறு யாரிடமும் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சீழ் முனை தெரியும் சிறு பருவுக்கு, மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டுவில்லையை இரவு ஒட்டிவைத்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கை அங்கே போகாமலும் காக்கும்.

முகூர்த்தத்தன்று காலையில் பரு இருந்தாலும், அதன் சிவப்பைப் பச்சைச் சாயல் கொண்ட கரெக்டரும், பழைய தடத்தின் கருமையை ஆரஞ்சுச் சாயலும் மறைத்துவிடும்; அவற்றைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூச வேண்டும். ஓமப் புகையிலும் விளக்கு வெளிச்சத்திலும் வியர்க்கும்போதும், கைக்குட்டையால் துடைக்காமல் ஒற்றச் சொல்லி, அருகில் நிற்கும் தோழியிடம் டிஷ்யூவைக் கொடுத்துவையுங்கள். வரவேற்பு முடிந்து நள்ளிரவு ஆனாலும் மேக்கப்பை முழுதும் அகற்றி முகம் கழுவிவிட்டே படுக்க வேண்டும். கல்யாணத்துக்காக இடையில் நிறுத்தியிருந்த அடாபலீனை அப்படியே விட்டுவிட்டால் அடைப்புகள் மறுபடி உருவாகத் தொடங்கிவிடும் என்பதால், தோலில் எரிச்சல் இல்லையென்றால் மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த வாரத்திலிருந்து பழையபடி பூசலாம். குழந்தைக்கு உடனே திட்டமிடுகிறவர்கள் மட்டும், அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அசெலாயிக் அமிலத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.