க்ளூடோ விளையாட்டு: குறிப்புத் தாளை எப்படி எழுதுவது?

மாளிகையில் டாக்டர் பிளாக் கொலையாகிக் கிடக்கிறார். கொன்றது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில்? இந்த மூன்றையும் முதலில் கண்டுபிடிப்பவர் ஜெயிப்பார். பர்மிங்காமைச் சேர்ந்த ஆந்தனி பிராட் 1944இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் 1949இல்தான் வாடிங்டன்ஸ் நிறுவனம் இந்தப் பலகை விளையாட்டை வெளியிட்டது.

மூன்று முதல் ஆறு பேர் ஆடலாம். மொத்தம் 21 சீட்டுகள்: சந்தேகத்துக்குரியவர்கள் 6, ஆயுதங்கள் 6, அறைகள் 9. வகைக்கு ஒன்றாக மூன்று சீட்டை யாரும் பார்க்காமல் உறைக்குள் போடுங்கள். அவைதான் விடை. மீதி 18ஐக் கலைத்துப் பங்கிடுங்கள். பகடை உருட்டுவது, காய் நகர்த்துவது எல்லாம் ஒரு சுற்று ஆடினாலே பிடிபட்டுவிடும். மூலை அறைகளில் ரகசிய வழி உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள். சமையலறையிலிருந்து படிப்பறைக்குப் பகடை உருட்டாமலே போய்விடலாம்.

ஓர் அறைக்குள் நுழைந்ததும் சந்தேகம் சொல்லலாம்: "நூலகத்தில், புரொபசர் பிளம், கயிற்றால்." அறை நீங்கள் நிற்கும் அறையாகத்தான் இருக்க வேண்டும். பிளம் காயும் கயிறும் அங்கே வந்துவிடும். உங்கள் இடப்பக்கம் இருப்பவரிடம் இந்த மூன்றில் ஏதாவது இருந்தால், ஒன்றை உங்களுக்கு மட்டும் காட்டுவார். இல்லையென்றால் அடுத்தவர். யாராவது காட்டியதும் கேள்வி நின்றுவிடும்.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். எனக்குக் காட்டிய சீட்டுகளை மட்டுமே குறித்துக்கொண்டிருந்தேன். அக்காதான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தாள். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். ஆளுக்கொரு பத்தி, கட்டம் முழுக்கப் பொடிப் பொடியாக எண்கள். தனக்குக் காட்டாத சீட்டையும் அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

அது எப்படி என்று பார்ப்போம். என் இடப்பக்கம் அக்கா, அவளுக்கு இடப்பக்கம் தம்பி. அக்கா மேலே சொன்ன அதே சந்தேகத்தைச் சொல்கிறாள். தம்பி எதையோ காட்டுகிறான். எனக்குத் தெரியவில்லை. ஆனால் கயிறு என் கையில் இருக்கிறது. பிளம் அக்காவிடம் இருப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். அப்படியானால் தம்பி காட்டியது நூலகம்தான்!

உடனே முடிவு தெரியாவிட்டால், தம்பியின் பத்தியில் அந்த மூன்று சீட்டுக்கும் நேரே ஒரே எண்ணை, 1 என்று வையுங்கள். அடுத்த முறை 2. பிறகு ஒரே எண் உள்ள மூன்றில் இரண்டு வேறு இடத்தில் இருப்பது தெரிந்தால், மூன்றாவது அவனிடம் இருப்பது உறுதி. "என்னிடம் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் பத்தியில் மூன்றுக்கும் பெருக்கல் குறி. ஒரே பதிலில் மூன்று தகவல். இதை விட்டுவிடவே கூடாது.

பென்சில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பேனா வேண்டாம். பெட்டியோடு வரும் தாளில் கட்டங்கள் எனக்குப் போதவில்லை. கோடு போடாத நோட்டில் நானே கட்டம் வரைந்துகொள்கிறேன், 21 வரிசை, ஆளுக்கொரு பத்தி.

அப்புறம், கையிலிருக்கும் சீட்டையே சேர்த்துக் கேளுங்கள். அறையும் ஆயுதமும் உங்களுடையவை, ஆள் மட்டும் தெரியாதவர் என்றால், எல்லாரும் இல்லை என்றதும் அந்த ஆள் உறையில் இருக்கிறார்.

சந்தேகம் வேறு, குற்றச்சாட்டு வேறு. குற்றம் சாட்ட, அதாவது உறையில் உள்ள மூன்றும் எவை என்று முடிவாகச் சொல்ல, ஒரே வாய்ப்புதான். சாட்டிவிட்டு உறையைத் தனியாகப் பார்க்க வேண்டும். தவறென்றால் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுங்கள். உங்கள் ஆட்டம் முடிந்தது, ஆனால் மற்றவர்கள் கேட்டால் சீட்டு காட்டியே ஆக வேண்டும்.

சேர்க்கை: ஒரு வாசகர் தன் பெட்டியில் சந்தேகத்துக்குரியவர்களில் மிஸஸ் வைட் இல்லை, யாரோ டாக்டர் ஆர்க்கிட் இருக்கிறார் என்று எழுதியிருந்தார். 2016இல் செய்த மாற்றம் அது, விதியில் வேறுபாடில்லை.

இன்னொரு சேர்க்கை: அடுத்தவர் சொன்ன சந்தேகத்தால் உங்கள் காய் ஓர் அறைக்கு இழுக்கப்பட்டதா? உங்கள் முறை வரும்போது பகடை உருட்டாமல் அங்கேயே சந்தேகம் சொல்லலாம். எங்கள் வீட்டில் இதை நெடுநாள் தவறாகவே ஆடிக்கொண்டிருந்தோம்.