வெல்டிங் அலுமினியப் படகு வாங்கப் போகிறீர்களா? இப்படிச் சோதித்துப் பாருங்கள்

மீன்பிடிக்க அலுமினியப் படகு பார்க்கப் போனால், விற்பவர் முதலில் பேசுவது தகட்டின் கனத்தைப் பற்றித்தான். "அஞ்சு மில்லி தகடு, பாறையில மோதினாலும் ஒண்ணும் ஆகாது" என்பார். கனம் வேண்டும்தான். ஆனால் இந்த வகைப் படகுகளில் பிரச்சினை தகட்டின் நடுவில் ஆரம்பிப்பது அபூர்வம். வெல்டு முடிகிற இடம், மூலை, தண்ணீர் தேங்கி நிற்கிற இடம், இந்த மூன்றில்தான் ஆரம்பிக்கும். அதனால் நாம் பார்க்க வேண்டியதும் அங்கேதான்.

கையில் நல்ல டார்ச், சின்னக் கண்ணாடி, மல்டிமீட்டர், பழைய துணி போதும். படகு தண்ணீரில் இருந்தால் பார்ப்பதில் பயனில்லை. டிரெய்லரில் ஏற்றி, கழுவி, காய வைக்கச் சொல்லுங்கள். நேற்றுத்தான் பெயின்ட் அடித்தது போல இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

1. என்ன அலுமினியம் என்று கேளுங்கள்

அடித்தகட்டுக்கு 5083, 5086, 5052 என்று பதில் வந்தால் சரி. இவை மெக்னீசியம் கலந்த 5000 வரிசை. உப்புத்தண்ணீரைத் தாங்கும், வெல்டு செய்யவும் ஏற்றவை. 6061-டி6 என்பது வேறு வகை. அதன் பலம் சூடேற்றிப் பதப்படுத்துவதால் வருவது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். கைப்பிடிக் கம்பி, பைப், அச்சின் வழியே தள்ளிச் செய்த சட்டங்கள் எல்லாம் 6061-இல் இருப்பது சாதாரணம்தான். அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

ரிவெட் அடித்த படகுகளில் தகடு 2 மி.மீ. அளவிலேயே இருக்கும். வெல்டிங் படகுக்கு அது பத்தாது. மெல்லிய தகடு சூட்டில் நெளியும், ஓட்டை விழும். அதனால் பொதுவாக 3 மி.மீ.-இல் தொடங்கி, பெரிய படகுகளின் அடித்தகடு 5, 6 மி.மீ. வரை போகும். பக்கத் தகடு அடித்தகட்டைவிட மெல்லியதாக இருந்தால் ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள், வழக்கமே அதுதான்.

2. வெளிப்பக்க வெல்டைப் படியுங்கள்

இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல், தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும்.

வெல்டு ஒரே அகலத்தில், இரண்டு ஓரமும் தகட்டோடு கலந்து போயிருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி நீளமாகப் பள்ளம் ஓடினால் அங்கே தகடு தின்னப்பட்டிருக்கிறது. கனம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரிந்தால், வெல்டு செய்யும்போது ஈரமோ எண்ணெயோ இருந்திருக்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைத் துலக்காமல் வெல்டு செய்தால் மேலே அழகாக ஒட்டியது போல இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஓரத்தில் கொஞ்சம் கருப்புக் கரி இருந்தால் பயப்பட வேண்டாம், கம்பியை ஊட்டிச் செய்யும் மிக் வெல்டிங்கில் அது வருவதுதான், துணியால் துடைத்தால் போய்விடும்.

அப்புறம், வெல்டு முடிகிற நுனிக்கு வாருங்கள். வெல்டு செய்தவர் அவசரமாக வெல்டிங் டார்ச்சை எடுத்துவிட்டால் அங்கே சின்னக் குழி விழும். அந்தக் குழியின் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, சில சமயம் நட்சத்திரம் போலப் பிரிந்த கோடுகள் தெரியும். அதுதான் விரிசலின் பிறப்பிடம். விரிசலா அழுக்கா என்று சந்தேகமா? வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் விரிசல் காட்டும் சிவப்புச் சாயம் ஸ்ப்ரேயாகக் கிடைக்கும். இடத்தைச் சுத்தம் செய்து, சாயம் அடித்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் வரை விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து வரும்.

வெல்டை முழுக்க ராவித் தகட்டோடு சமமாக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அழகுக்காக என்றால், ராவியபின் எவ்வளவு கனம் மிச்சம் என்பதுதான் என் அடுத்த கேள்வியாக இருக்கும்.

3. உள்ளே இறங்குங்கள்

அடித்தளத்தில் உள்ள பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் மூடி இருக்கும் இடங்களில் கண்ணாடியை விட்டுப் பாருங்கள். நீளவாக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு விட்டு வெல்டு செய்திருப்பார்கள். தகடு சூட்டில் நெளியாமல் இருக்க அப்படிச் செய்வதுண்டு, சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் வெளித் தகடுகள் சேரும் இடத்தில் வெல்டு விடாமல் ஓட வேண்டும்.

ஒரு சட்டம் தகட்டின் நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறதா பாருங்கள். அலை அடிக்கும்போது தகடு அந்த நுனியிலேயே மடங்கி மடங்கி நிமிரும். அலுமினியம் இரும்பைப் போல இல்லை. சின்னச் சின்ன வளைவுகளும் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விரிசலாகிவிடும். நல்ல பட்டறையில் சட்டத்தின் நுனியைச் சரித்துவிடுவார்கள், அல்லது அடுத்த குறுக்குச் சட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

4. இன்ஜின் மாட்டும் பின்பலகை

அவுட்போர்டு இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையைக் கவனிக்கட்டும். பலகை கண்ணுக்குத் தெரிய அசைந்தால் விலையைப் பேசுவதை நிறுத்திவிட்டு மூலைகளில் விரிசலைத் தேடுங்கள். சில படகுகளில் உள்ளே மரம் வைத்திருப்பார்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி, கொப்புளித்த பெயின்ட் இரண்டும் அதற்கான அறிகுறி.

5. அரிப்பு

நனைந்த கார்பெட், தண்ணீர் குடித்த ஃபோம் இவற்றின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். சொரசொரப்பான குழிகள் தட்டுப்படும். மீன்பிடிப் படகில் இன்னொரு எதிரி உண்டு: கீழே விழுந்து மறந்துபோன ஈயக் குண்டு. உப்புத்தண்ணீரில் அது கிடக்கிற இடத்திலேயே தகட்டைத் துளைக்கத் தொடங்கும். செம்பு, பித்தளைத் துண்டுகளும் அப்படித்தான். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்டும் கூடாது.

மின்சாரத்தையும் பாருங்கள். பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பாசிட்டிவ் வயருக்கும் படகு உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை (ஓம்) பாருங்கள். சைபருக்குப் பக்கமாகக் காட்டினால் எங்கோ வயர் உடம்பைத் தொடுகிறது. விளக்கு, பம்ப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர் தனியாக வர வேண்டும். படகு உடம்பையே ஒரு வயராகப் பயன்படுத்தியிருந்தால் வாங்காதீர்கள்.

அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோடு கட்டி கொஞ்சம் கரைந்திருப்பது நல்லது. பல வருஷம் கடலில் இருந்தும் புத்தம் புதிதாக இருந்தால் அது வேலையே செய்யவில்லை.

6. ஓட்டிப் பாருங்கள், ஓட்டுபவர்களிடம் கேளுங்கள்

வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள்: சத்தம், அலையில் அடிக்கும் அடி, காற்றில் தள்ளிக்கொண்டு போவது. மூன்றும் எடை குறைவு, தட்டையான அடித்தளம் இவற்றோடு வருபவை. கட்டுமானக் குறை என்று சொல்ல முடியாது. அடித்தளம் கூர்மையான வி வடிவமாக இருந்தால் அடி குறையும், ஆனால் நின்று தூண்டில் போடும்போது ஆட்டம் கூடும். கரையில் கல்லில் இழுத்தாலும் தாங்குகிறது என்று அதே ஆட்களே புகழ்வார்கள், அதுவும் உண்மைதான்.

ஓட்டிவிட்டு வந்ததும் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால், டிரெய்லரில் ஏற்றி, வடிகால் மூடியைப் போட்டு, உள்ளே சில விரற்கடை தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். நிறைய ஊற்ற வேண்டாம், எடையை டிரெய்லர் தாங்காது. சொட்டுகிற இடத்தில் "சீலன்ட் பூசிடலாம்" என்று விற்பவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். விரிசலின் நுனியில் துளை போட்டு, கோட்டைக் குடைந்தெடுத்து, சுத்தம் செய்து மறுபடி வெல்டு வைக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொண்டு, வேலையை நீங்களே தேர்ந்தெடுத்த அலுமினிய வெல்டரிடம் கொடுங்கள்.