மலைக்குளிரில் டிஸ்க் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறதா?

டிஸ்க்கிலிருந்து நேரடியாக இன்ஸ்டால் செய்யாதீர்கள். முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டு, அங்கிருந்து செட்டப்பை ஓட்டுங்கள். சிடிக்கு 700 எம்பி, சாதாரண டிவிடிக்கு 4.7 ஜிபி இடம் போதும்.

இன்ஸ்டாலர் டிஸ்க்கில் தாவித் தாவிப் படிக்கும். ஓரிடத்தில் படிக்க முடியாமல் போனால், ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ (படித்த தகவல் பிழையானது) என்று சொல்லிவிட்டு, பாதி ஃபைல்களைப் போட்ட நிலையில் நின்றுவிடும். காப்பி செய்யும்போதே அந்தக் கோளாறு வந்தால், எந்த ஃபைல் என்று பெயரோடு தெரியும். துடைத்துவிட்டு மறுபடி முயலலாம். துடைப்பது நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேராக இருக்கட்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் பதிந்த தடத்தோடு சேர்ந்தே ஓடும், அதைச் சரிக்கட்டுவது டிரைவுக்குக் கடினம்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. சில்லிட்ட அலமாரியிலிருந்து எடுத்த டிஸ்க்கை ஹீட்டர் ஓடும் அறையில் உடனே போட்டால், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல அதிலும் படியும். உறையோடு அரைமணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்புக்கும் இதே கதைதான், டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸிலும் ஈரம் படியும்.

காப்பித் தடை உள்ள பழைய கேம் டிஸ்க்குகளுக்கு இது உதவாது; அவை அசல் டிஸ்க்கையே கேட்கும். சிடியின் லேபிள் பக்கம் கீறி உரிந்திருந்தாலும் முயற்சியை விட்டுவிடுங்கள். தகவல் அந்த லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது.