ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மாற்றுவது எப்படி?

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் டேபிள் ஒன்று. கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை முகவரி முழுவதும் ஒரே நெடுவரிசையில் கிடக்கிறது. கூரியர் கட்டணம் கணக்கிட, பின்கோடு தனியாக வேண்டும். ஒரே ஸ்கிரிப்டில் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொண்டால், சைட்டை நிறுத்தாமலே முடிக்கலாம். சிக்கல் வந்தால் ஒரு படி பின்னால் வரவும் வழியிருக்கும்.

படி 1: புதிய நெடுவரிசை

ஆல்டர் டேபிள் கட்டளையால் பின்கோடு நெடுவரிசையைச் சேருங்கள். டெக்ஸ்ட் வகை போதும். இப்போதைக்குக் காலியாக (NULL) இருக்கலாம். வேலை கண நேரத்தில் முடியும். ஆனால் டேபிள் முழுவதற்கும் லாக் கேட்கும், அதாவது அதுவரை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டும். யாராவது பெரிய ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை உங்கள் கட்டளை காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும், படிக்க மட்டும் செய்யும் சாதாரண செலக்ட்கூட வரிசையில் நின்றுவிடும். அதனால் முதலில் லாக் டைம்அவுட்டை (லாக்குக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரத்தை) 2 விநாடியாக வையுங்கள். லாக் கிடைக்காவிட்டால் கட்டளை தோற்கட்டும், அப்புறம் மறுபடி ஓட்டலாம்.

படி 2: இரண்டிலும் எழுதும் கோட்

முகவரி சேரும்போதும் மாறும்போதும் பின்கோடையும் எழுதும்படி கோடை மாற்றி வெளியிடுங்கள். பழைய பதிவுகளை நிரப்புவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையில் வருகிற புதிய பதிவுகள் விடுபட்டுப் போகும்.

படி 3: பழைய பதிவுகளை நிரப்புதல்

ஐடி வரிசைப்படி ஐயாயிரம் ஐயாயிரமாக எடுத்து, முகவரியிலிருந்து பின்கோடைப் பிரித்து நிரப்பி, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் செய்யுங்கள் (மாற்றத்தை நிரந்தரமாக்குங்கள்). ஆஃப்செட் (முதல் இத்தனை பதிவுகளைத் தாண்டி எடு என்பது) வேண்டாம், போகப்போக மெதுவாகிவிடும். பின்கோடு காலியாக உள்ள பதிவுகளை மட்டும் தொடுங்கள். அப்போதுதான் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் பயமில்லாமல் மறுபடி ஓட்டலாம்.

படி 4: மிச்சத்தைப் பாருங்கள்

என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆறு இலக்கம் தேடும் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை) '600028' என்பதைப் பிடிக்கும். '600 028' என்று இடைவெளி விட்டு எழுதியதை விட்டுவிடும். 'சென்னை - 28' என்ற பழைய பழக்கமும் அதே பின்கோடுதான். முகவரிக்குள் செல்போன் எண் இருந்தால், எல்லை குறிக்காத ரெஜெக்ஸ் அதன் முதல் ஆறு இலக்கத்தைப் பின்கோடாக எடுத்துக்கொள்ளும். காலியாக நின்ற பதிவுகளை மட்டுமல்ல, நிரம்பியவற்றிலும் சிலவற்றைக் கண்ணால் பாருங்கள்.

படி 5: கட்டுப்பாடு

ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் இல்லை என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (டேட்டாபேஸே சரிபார்க்கும் விதி) போடுங்கள். முதலில் பழைய பதிவுகளைச் சரிபார்க்காத நாட் வேலிட் என்று சேர்த்து, பிறகு தனியாக வேலிடேட் செய்து அவற்றைச் சரிபார்த்தால், சரிபார்ப்பு ஓடும்போதும் எழுதும் வேலை தடைபடாது. காலியான பதிவுகளை இந்த செக் தடுக்காது. மீதியைக் கையால் திருத்தலாம்.

படி 6: புதியதிலிருந்து படித்தல்

கட்டணக் கணக்கை இப்போது புதிய நெடுவரிசைக்கு மாற்றுங்கள். முகவரியிலிருந்து பின்கோடைப் பிரித்தெடுத்த பழைய கோடை, ஒரு மாதக் கணக்கு சரியாக வந்த பிறகு நீக்கினால் போதும்.