இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு: கவுன்டரில் காசை எடுப்பதற்கு முன்

என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) என்றால் எல்லாமே இலவசம் என்று நினைத்துத்தான் நானும் முதல் சீட்டை பார்மசியில் நீட்டினேன். டாக்டரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, மருந்துக்கு உண்டு. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சீட்டில் மூன்று மருந்து இருந்தால் 29.70. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் இந்தக் கட்டணமே கிடையாது என்பது தனி வயிற்றெரிச்சல்.

முதலில் வயதைப் பாருங்கள். 60 ஆனவர்களுக்கும், 16க்குக் கீழே உள்ளவர்களுக்கும், முழுநேரமாகப் படிக்கும் 18 வயது வரையிலானவர்களுக்கும் இலவசம். கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்று 12 மாதம் ஆகாதவர்களுக்கும் அப்படியே. ஆனால் இவர்கள் மிட்வைஃபிடமோ (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) ஜி.பி.யிடமோ (குடும்ப டாக்டர்) சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அப்புறம் நோய். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மருந்து எடுக்கும் சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, தொடர்ந்து மாத்திரை வேண்டிய வலிப்பு, புற்றுநோய் போன்றவை விலக்குப் பட்டியலில் உண்டு. ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு இல்லை. பட்டியல் 1968இல் போட்டது. புற்றுநோய் 2009இல்தான் சேர்ந்தது. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.

நோய் இருந்தால் மட்டும் போதாது, சான்றிதழும் வேண்டும். ஜி.பி. ரிசப்ஷனில் எஃப்.பி. 92ஏ படிவம் கேளுங்கள். நீங்கள் நிரப்பியதும் டாக்டர் கையெழுத்துப் போடுவார். சர்க்கரைக்காகச் சான்றிதழ் வாங்கியவருக்குப் பல்வலி மாத்திரையும் இலவசம். நான் ஆறு மாதம் தைராக்சினுக்கு (தைராய்டு மாத்திரை) காசு கட்டிய பிறகுதான் யாரோ இதைச் சொன்னார்கள். சான்றிதழ் ஐந்து வருடத்தில் காலாவதியாகும். தேதியை போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த விலக்கும் இல்லையா? சரி, முன்பணச் சான்றிதழ் வாங்குங்கள்; மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் அந்தக் காலம் முழுக்க மருந்துக்குத் தனியாகக் காசு இல்லை. மூன்று மாதத்துக்கு 32.05, ஒரு வருடத்துக்கு 114.50 பவுண்டு. மாதம் இரண்டு மருந்து வாங்குபவருக்கு வருடத்தில் 237.60 ஆகும்; பாதிக்கு மேல் மிச்சம். வருடத் தொகையை பத்துத் தவணையாகவும் கட்டலாம். வருமானம் குறைவு என்றால் முதலில் எச்.சி.1 படிவம் (குறைந்த வருமானக்காரர்கள் உதவி கேட்கும் விண்ணப்பம்) போட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் வரும் முன்பே மருந்து வாங்க வேண்டியிருந்தால், காசு கட்டும்போதே எஃப்.பி. 57 ரசீது கேளுங்கள். பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். அது இருந்தால் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

“இலவசம்தானே?” என்று கவுன்டரில் கேட்டால் குத்துமதிப்பாகத் தலையாட்டாதீர்கள். தவறாக இருந்தால் மருந்துக் காசோடு 100 பவுண்டு வரை அபராதமும் தபாலில் வரும்.