கார்ப்பெட்டை எடுத்து வினைல் பலகை போட்டோம்: கூலி குறைந்த விதம்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு மாடி அறைகளின் தரைக்கு வினைல் பலகை (மரம் போலத் தெரியும் பிளாஸ்டிக் பலகை) போட விலை கேட்டபோது, பலகையைவிடக் கூலிதான் மலைக்க வைத்தது. மொத்தத் தொகையை வேலைவாரியாகப் பிரித்துத் தரச் சொன்னேன். பதிப்பதற்குச் சதுர அடிக் கணக்கு. கார்ப்பெட்டைக் கிழித்து அப்புறப்படுத்துவது, தரையைச் சமன் செய்வது, ஓரச் சட்டம் அடிப்பது எல்லாம் தனித்தனி. படிக்கட்டுக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை.

கிழிக்கும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். கார்ப்பெட்டைப் பட்டை பட்டையாக அறுத்துச் சுருட்டினால் தூக்குவது எளிது. சுவரோரம் ஆணி முனை மேல்நோக்கி நிற்கும் மரச்சட்டங்களை நெம்பி எடுக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் விரித்திருந்த மெத்தையைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்களைக் குறடால் பிடுங்குவதுதான் பொறுமையைச் சோதித்தது. பின்கள் மிஞ்சினால் பலகை சரியாக உட்காராது. தரை வெறுமையாக இருக்கும்போதே நடந்து பார்த்து, கிறீச்சிடும் இடங்களில் அடியிலுள்ள உத்தரத்தில் இறங்கும்படி திருகாணி முடுக்கினோம். பலகை போட்டபின் இதைச் செய்ய முடியாது.

1980-களுக்கு முந்தைய வீடு என்றால், கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய டைல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம், சோதித்த பிறகுதான் மற்றது.

சமன் செய்வதையும் படிக்கட்டையும் வேலையாட்களிடமே விட்டோம். படி விளிம்பு தளர்ந்தால் ஆள் விழுவார். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் பலகை கூடுதலாக வாங்கிவிடுங்கள்.